மூன்றாம் டியூபும் ஏழாம் டியூபும்

செல்வப்பிரியா டியூபை மாற்றிப் போடமாட்டாள். கேரள எல்லையோரத்து எருத்தேன்பதியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். நாளொன்றுக்கு ஐம்பது அறுபது பேர் கையை நீட்டுகிறார்கள். வேல்முருகன் என்ற பேரில் மூன்று பேர் ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த நாளும் உண்டு. அன்றைக்கும் மாறவில்லை. ரத்தம் எடுத்த கையோடு, ஆள் எழுந்திருப்பதற்கு முன்னால், அவர் கண்ணெதிரிலேயே லேபிளை எழுதி ஒட்டி, வாசித்துக் காட்டி, "சரிதானுங்களா?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் டியூப் ஸ்டாண்டில் உட்காரும். அவசரக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அப்படிப்பட்டவளிடம் போய், "டியூப் மாறிடுத்து" என்று ஒருத்தி சொன்னாள்.

சொன்னது பவ்யா. கல்பாத்திப் பெண், வயது இருபத்தொன்பது, பெயருக்கு முன்னால் டாக்டர். பல்கலைக்கழகம் ஒன்று வேலையில் இருப்பவர்களுக்காக நடத்தும் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் சான்றிதழ் படிப்பில் செல்வப்பிரியாவுக்கு வழிகாட்டி. சனி ஞாயிறு ஆன்லைன் வகுப்பு, பத்து மாதம், கடைசியில் ஒரு புராஜெக்ட். அந்தப் புராஜெக்டில்தான் இடி விழுந்தது.

"சேச்சி, கோவிச்சுக்கப்படாது" என்றாள் பவ்யா, லேப்டாப் திரைக்குள்ளிருந்து. "நீங்க அனுப்பிச்ச எட்டு இலையில மூணாம் நம்பரும் ஏழாம் நம்பரும் ஒரே மரமாக்கும். ஒரே மரத்து இலையைக் கிள்ளி ரெண்டு டியூப்ல போட்டிருக்கேள்."

"இல்லைங்க மேடம்."

"பன்னிரண்டாயிரம் இடத்துல டி.என்.ஏ எழுத்தை ஒப்பிட்டுப் பாத்தாச்சு. மத்த மரங்களுக்குள்ள ஆயிரக்கணக்குல வித்தியாசம். இந்த ரெண்டுக்கும் நடுவுல பதினொண்ணு. அது மெஷின் தப்பு. நீங்களே போட்ட கணக்குதானே?"

அவளே போட்ட கணக்குதான்.

இந்த வயதில் இவளுக்கு ஏன் இந்தப் படிப்பு என்று கேட்காதவர் ஊரில் இல்லை. அவளிடம் ஒரே பதில்தான். பதினாறு வருஷமாக டியூபை நிரப்பிக் கொச்சிக்கு அனுப்பியிருக்கிறாள். மூன்றாம் நாள் முடிவு காகிதமாகத் திரும்பி வரும். நடுவில் அந்த டியூபுக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ரத்தமோ இலையோ, அதற்குள் இருக்கும் டி.என்.ஏவை நாலே நாலு எழுத்தாக வாசித்து, கோடிக்கணக்கான எழுத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சலித்துப் பார்ப்பதுதான் இந்தப் படிப்பு என்று தெரிந்ததும் பணத்தைக் கட்டிவிட்டாள். கணவன் பூபதிராஜா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு நல்ல இன்டர்நெட் இழுத்துக் கொடுத்துவிட்டு மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டான்.

வகுப்பில் முப்பது பேர். முக்கால்வாசி கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். முதல் இரண்டு மாதம், கட்டளைகளை அடிக்கும் அந்தக் கறுப்புத் திரை அவளை என்ன பாடு படுத்தியது என்று சொல்லி முடியாது. ஒரு புள்ளி விட்டுப்போனால் பிழை, ஒரு இடைவெளி கூடினால் பிழை. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை லேபில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த நேரத்தில் ஒரு கையில் தயிர்ச்சோறும் மறு கையில் கீபோர்டுமாகப் படித்தாள். மூன்றாம் மாதம் பவ்யா எல்லார் முன்னிலும் அவளுடைய ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். மற்றவர்கள் 'ஃபைனல்', 'ஃபைனல் டூ', 'ஒரிஜினல் ஃபைனல்' என்று பேர் வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்க, இவளுடைய ஒவ்வொரு ஃபைலிலும் ஊர், நம்பர், தேதி, நேரம். "ஃபைலுக்கு லேபிள் ஒட்டறது எப்படின்னு சேச்சிகிட்டே கத்துக்கணும்" என்றாள் பவ்யா. அன்றைக்கு இவள் ஸ்கூட்டரில் வீடு திரும்பியபோது சாலை முழுக்க இவளுக்காகவே போட்டது போல இருந்தது.

புராஜெக்டுக்கு மற்றவர்கள் இன்டர்நெட்டில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். இவள் முருங்கையை எடுத்தாள். ஊரில் எட்டுத் தோட்டத்து மரங்களின் இலை. ஈரம் உறிஞ்சும் மணி போட்ட டியூபில் அடைத்து அனுப்பினால் பல்கலைக்கழகமே வாசித்துத் தரும். எந்த மரம் எந்த மரத்துக்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பது இவள் வேலை. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு ஃபாரம் உண்டு. அதில் 'மரம் எங்கிருந்து வந்தது' என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே உரிமையாளரின் கையெழுத்து.

மூன்றாம் நம்பர் அவள் வீட்டு மரம்தான். மாமியார் பூவாத்தாளின் மரம் என்று சொல்லவேண்டும். மாட்டுக் கட்டுத்தரைக்குப் பின்னால் நிற்கிறது. நாற்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகி வரும்போது பொள்ளாச்சிப் பக்கத்துப் பிறந்த வீட்டிலிருந்து ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்து நட்ட கிளைப் போத்து என்று அந்த அம்மாள் சொல்லாத நாள் கிடையாது. காய் விருந்தாளிக்கு இலையில் விழும்போதே கதையும் விழுந்துவிடும். "எங்கம்மா ஊட்டு மரமுங்க. இந்தச் சதைப்பத்து இந்தப் பஞ்சாயத்துல ஒரு மரத்துக்குக் கெடையாது."

ஏழாம் நம்பர் அர்த்தநாரியின் மரம். பூவாத்தாளின் கணவருக்குப் பங்காளி முறையில் தம்பி. தோட்டம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். வாய்க்கால் தண்ணீர் முறை விஷயத்தில் முட்டிக்கொண்டு, பதினொரு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. செல்வப்பிரியா மட்டும் மாதம் ஒருமுறை அவருக்குச் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுக்கப் போவாள். ஊசிக்கும் பகைக்கும் சம்பந்தமில்லை என்பது இரு தரப்பும் வாய்விட்டுச் சொல்லாத ஒப்பந்தம். 'உடுமலைச் சந்தையில் வாங்கிய விதை, முப்பது வருஷ மரம்' என்று அவர் ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பவ்யாவின் வாதம் எளிமையானது. போத்து வெட்டி நட்டால் தாய் மரமும் பிள்ளை மரமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். ஆனால் ஒன்று பொள்ளாச்சிப் போத்து, மற்றது உடுமலை விதை. ஆகவே டியூப்தான் மாறியிருக்கிறது.

"ஒரே ஒரு வரி எழுதிடுங்கோ சேச்சி. 'இலை சேகரிக்கும்போது என் பக்கம் பிழை நேர்ந்தது'ன்னு. மிச்சம் ஆறு மரத்தை வெச்சு முடிச்சுப் பாஸ் பண்ணிடலாம். எல்லாருக்கும் நடக்கறதுதானே."

"எனக்கு நடக்கலைங்க மேடம்."

பவ்யா கோபப்படவில்லை, பாவம், நல்ல பெண். "செவ்வாய்க்கிழமை மெஷின்ல ரெண்டு இடம் காலி இருக்கு. திருப்பி எடுத்து அனுப்புங்கோ. மறுபடியும் இதே வந்து, காரணமும் இல்லேன்னா எக்ஸாமினர் எட்டு மரத்தையும் நம்பமாட்டார். அப்பறம் அடுத்த வருஷந்தான். யோசிச்சுக்கோங்கோ."

யோசிக்க என்ன இருக்கிறது? மறுநாள் காலையில் இரண்டு புது டியூபோடு கிளம்பினாள். தன் வீட்டு மரத்தில் பூபதிராஜாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இலை கிள்ளினாள். அப்போதுதான் அடிமரத்தின் ஒரு பக்கத்தில் தழும்பைப் பார்த்தாள். என்றைக்கோ யாரோ அரிவாளால் ஒரு கிளையை வெட்டி, பட்டை மூடி ஆறியிருந்தது. பார்த்ததும் நினைவு வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால், பெருமழை வந்த வருஷம், கிளை போயிற்று என்று மாமியார் ஒரு வாரம் கத்தினாள். மேய்ச்சலுக்கு வந்த ஆட்டுக்காரனை ஏழு தலைமுறைக்கு இழுத்து வைத்துத் திட்டினாள்.

வாய்க்காலைத் தாண்டி அர்த்தநாரி மரத்தடிக்குப் போய் நின்றாள். முப்பது வருஷ மரம் என்றாரே, இரண்டு கையால் சுற்றிப் பிடித்தால் விரலும் விரலும் தொட்டுக்கொள்கிறதே! இவள் கல்யாணமாகி வந்த புதிதில் இதே இடத்தில் ஒரு பெரிய முருங்கை நின்றதும் நினைவுக்கு வந்தது. அதே பெருமழைக் காற்றில்தான் அது சாய்ந்தது.

"மாமா, இது வெதையில வந்ததுதானுங்களா?"

"அதான் எழுதிக் குடுத்தாச்சல்லோ?" அர்த்தநாரி துண்டை உதறித் தோளில் போட்டார். "ரத்தம் எடுக்க வந்தா ரத்தம் எடு. எலை எடுக்க வந்தா எலை எடு. கேள்வி எதுக்கு அம்மிணி?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு முருங்கைப் போத்து விஷயத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டு வாங்கி நட்டால் வேர் பிடிக்காது. தெரியாமல் எடுத்து வந்து நட்டால்தான் தழைக்கும். மரத்துக்காரர் பார்த்தாலும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்ள வேண்டும், அதுவே மரியாதை. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள், ஒரு ஃபாரத்தை அச்சடித்துக்கொண்டு போய் 'மரம் எங்கிருந்து வந்தது' என்று கேட்டிருக்கிறாளே! களவாடியது என்று எழுதிக் கையெழுத்துப் போட எவர் வருவார்? டியூபில் காட்டிய கவனத்தை அந்தக் கட்டத்தில் காட்டாமல் விட்டுவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. மூன்றும் ஏழும் மறுபடி ஒன்று. அன்று சாயங்காலம் கட்டுத்தரையில் எருமைக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்த மாமியாரிடம் போனாள். அந்த அம்மாள் வாய்க்கால் கரையில் நின்று கத்தப்போகும் கத்தலுக்குத் தயாராகத்தான் போனாள்.

"ஏனுங்க அத்தை, அந்தப் பெருமழை வருஷம் நம்ம மரத்துல கெளையை வெட்டுனது ஆட்டுக்காரன் இல்லீங்க. அர்த்தநாரி மாமா. அவிங்க மரம் சாஞ்சதும் நம்ம போத்தை எடுத்துட்டுப் போயி வெச்சிருக்கறாங்க. கம்ப்யூட்டர்ல ரெண்டு தடவையும் காட்டிருச்சு."

பூவாத்தாள் கத்தவில்லை. தீவனக் கூடையைக் கீழே வைத்தாள். எருமையின் கழுத்தைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். செல்வப்பிரியா பயந்துவிட்டாள்.

"அவிங்க மரத்தை அவிங்க எடுத்துட்டுப் போயிருக்கறாங்க" என்றாள் கடைசியில்.

"என்னங்கத்தை?"

"எங்கம்மா ஊட்டுப் போத்து நாப்பது நாள்ல கருகிப்போச்சு புள்ள. புதுசா வந்த மருமவ வெச்சது பட்டுப்போச்சுன்னா ஊரு என்ன பேசும்? எம்பட மாமியா வாயி எப்பேர்ப்பட்ட வாயி தெரியுமா? ஒரு நா மத்தியானம் வாய்க்காலைத் தாண்டிப் போயி, அர்த்தநாரியோட அம்மா மரத்துல ஒரு கெளையை ஒடிச்சாந்து அதே குழியில வெச்சுப்போட்டேன். அந்தம்மா பாத்தாங்க. பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. சாகறவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாப்பத்து நாலு வருசம். எங்கம்மா ஊட்டு மரம், எங்கம்மா ஊட்டு மரம்னு எத்தனை பேருக்கு எலை போட்டிருப்பேன்."

மருமகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை அந்தக் கடுதாசில எழுதுவியா?"

"நீங்க சொன்னாத்தானுங்க எழுதுவேன்."

"எழுதாத" என்று சொல்லிவிட்டு பூவாத்தாள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வாய்மொழித் தேர்வு. சாப்பாட்டு மேசையில் லேப்டாப். திரையில் ஒரு பக்கம் பவ்யா, மறு பக்கம் எக்ஸாமினர் சாம்பசிவன். பழுத்த புரொபசர்; சிரித்துப் பழக்கமில்லாத முகம். இரண்டு முறை எடுத்த முடிவையும் செல்வப்பிரியா அடுத்தடுத்து வைத்துக் காட்டினாள். எந்தக் கட்டளை எந்த எண்ணைத் தந்தது, எது மெஷின் பிழை, எது உண்மையான வித்தியாசம் என்று கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னாள்.

"கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் சாம்பசிவன். "ஆனா ஃபாரத்துல ரெண்டு பேர் வேற வேற ஊர்னு கையெழுத்துப் போட்டிருக்கா. நான் யாரை நம்பறது? அவாளையா, உங்க டியூபையா?"

"டியூபைங்க சார்."

"காரணம்?"

"காரணம் எனக்குத் தெரியுங்க சார். அதைச் சொல்ல வேண்டியவங்க வேறங்க. அவிங்க சொல்ல வேண்டாம்னா நானும் சொல்லமாட்டனுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பவ்யா உங்களுக்கு ஒரு வழி சொல்லியிருக்கா போல இருக்கே. உங்க பக்கம் பிழைன்னு ஒரு வரி. எழுதினா இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

பத்து மாத மதியச் சாப்பாடு, பத்து மாத சனி ஞாயிறு எல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது. செல்வப்பிரியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"அந்த வரி பொய்ங்க சார். நான் பதினாறு வருசமா டியூபு மாத்துனதில்லைங்க. மாத்தினேன்னு நானே எழுதிக் குடுத்தா, நாளைக்கு எங்கிட்ட கையை நீட்டறவங்க எதை நம்பி நீட்டுவாங்க? எனக்குச் சர்டிபிகேட் வேண்டாங்க."

சமையலறையில் பாத்திரம் ஒன்று டங்கென்று வைக்கப்பட்டது. பின்கதவு திறந்து சாத்திய சத்தம் கேட்டது. பவ்யா என்ன நினைத்தாளோ, "சார், நான் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டுக்கறேன்" என்று எதையோ ஆரம்பித்தாள். இரண்டு கேள்வி ஏழாகி, ஏழு பத்தாயிற்று. நேரத்தை இழுக்கிறாள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். சாம்பசிவனுக்கும் தெரிந்தது, ஆனாலும் பொறுத்துக்கொண்டார்.

பின்கதவு மறுபடி திறந்தது. முன்னால் பூவாத்தாள், பின்னால் அர்த்தநாரி. வாய்க்கால் சேறு ஒட்டிய காலோடு வந்தார்கள். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்த மனிதர் அந்த வீட்டுக்குள் கால் வைக்கிறார். பூவாத்தாள் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க கொளுந்தனாரே" என்றாள். பிறகு திரையை நேருக்கு நேர் பார்த்தாள்.

"சாமி, நீங்கதான் மார்க்கு போடறவருங்களா?"

"ஆமாம்மா" என்றார் சாம்பசிவன், திகைத்துப்போய்.

"கேட்டுக்குங்க. எங்கம்மா ஊட்டு மரம்னு கையெழுத்துப் போட்டது பொய்ங்க. அந்தப் போத்து செத்துப்போச்சு. இப்ப நிக்கறது இவிங்கம்மா மரத்துல நான் களவாங்கினதுங்க. நாப்பத்து நாலு வருசமா ஊரையே ஏமாத்திப்போட்டேன். தப்பு எம்மேலதானுங்க, எம்பட மருமவ மேல இல்லீங்க." பக்கத்தில் திரும்பினாள். "ம், நீங்க சொல்லுங்க."

அர்த்தநாரி துண்டை இரண்டு கையாலும் முறுக்கினார். "எங்க மரம் பெருமழையில சாஞ்சுதுங்க. பேச்சு இல்லாத ஊட்டுல போயிக் கேக்க முடியுங்களா? கேட்டு வாங்கினாலும் அது வேர் புடிக்காதுங்களே. அதான், இந்த நங்கையா, எங்கண்ணன் சம்சாரம், கோயிலுக்குப் போயிருந்தப்ப ஒரு கெளையை..." கையால் வெட்டிக் காட்டினார். "உடுமலை வெதைன்னது சும்மாங்க. அது எங்கம்மா மரந்தான்னு எனக்குத் தெரியாதுங்க. நங்கையா இப்பத்தான் சொன்னாங்க."

சொல்லிவிட்டு, மரம் நிற்கும் திசையில் பின்கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் மரம் சாய்ந்துபோய்விட்டது என்று எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவர்.

திரையில் சிரித்துப் பழக்கமில்லாத சாம்பசிவன், கண்ணாடியை மூக்கில் மாட்டவும் முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தார். பவ்யா வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"முப்பது வருஷமா வாய்மொழித் தேர்வு நடத்தறேன்" என்றார் அவர். "டேட்டாவே நடந்து வந்து சாட்சி சொல்லி இப்பத்தான் பாக்கறேன். செல்வப்பிரியா, ரெண்டு ஃபாரத்தையும் திருத்தி, ரெண்டு பேரோட கையெழுத்தும் வாங்கி இன்னிக்கே அனுப்புங்கோ. எட்டு மரமும் இருக்கட்டும். ஒண்ணும் எடுக்க வேண்டாம்."

"சேச்சி" என்றாள் பவ்யா. "நான் சொன்ன அந்த வரி... மன்னிச்சுடுங்கோ."

"எல்லாருக்கும் நடக்கறதுதானுங்க மேடம்" என்றாள் செல்வப்பிரியா, கண்ணீரும் சிரிப்புமாக.

அர்த்தநாரிக்குக் காபி வந்தது. சர்க்கரை போடாமல் கொடுத்தாள். புது ஃபாரம் இரண்டை அச்செடுத்து, மூன்றாம் நம்பரின் கட்டத்தில் பேனாவை வைத்தவள் சற்று யோசித்தாள். மாமியாரின் மானம் ஊர் ஊராகப் போகப்போகிற காகிதம். 'பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெறப்பட்ட போத்து' என்று கௌரவமாக எழுதினாள்.

பூவாத்தாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"பெறப்பட்டதா? யாரு குடுத்தா?"

"சும்மா ஒரு மரியாதைக்குத்தானுங்கத்தை..."

"அடிச்சுட்டு மாத்தி எழுது. குடுத்து வாங்கியிருந்தா நான் எதுக்குப் பொய் சொல்லோணும்னு படிக்கறவன் கேப்பான்ல? அப்பறம் மறுபடியும் உன்ற டியூபைத்தான் சந்தேகப்படுவான்." விரலால் அந்தக் கட்டத்தைத் தட்டினாள். "களவுன்னு எழுது அம்மிணி. பெருசா எழுது."

எழுதினாள். லேபிளில் எழுதுவது போலவே ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக எழுதி, வாசித்துக் காட்டி, "சரிதானுங்களா?" என்று கேட்டாள். பூவாத்தாள் தலையாட்டினாள். பிறகு பேனாவை வாங்கி, கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் வைப்பவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.